உப்பு டேங்க், தடிமன் மீட்டர், மறக்க முடியாத ஒரு ரீடிங்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

வளைகுடா என்டிடி:
நேரா விஷயத்துக்கு வர்றேன். சோலார் பிளான்ட், வெயில் சூட்டைச் சேத்து வைக்கிற உருகின நைட்ரேட் உப்பு, அது நிக்கிற கோல்டு டேங்க். பேருதான் கோல்டு, உள்ள 290 டிகிரி. ஷெல் (டேங்க் சுவர்) கார்பன் ஸ்டீல். இன்சுலேஷன்ல ஜன்னல் மாதிரி வெட்டி வச்சிருந்தாங்க. அதைத் திறந்து, உப்பு எவ்வளவு அரிச்சிருக்குன்னு பாக்க, பிளான்ட் ஓடும்போதே யூடில (தகட்டுக்குள்ள ஒலி அனுப்பி எதிரொலியை வச்சு அளக்கிறது) தடிமன் எடுக்கணும். புரோப்பை அஞ்சு செகண்டுக்கு மேல வச்சா கப்ளன்ட் (ஒலி உள்ள போக நடுவுல தடவுற பசை) புகைய ஆரம்பிச்சுடும்.

ஷட்டவுன்ல ஆறிக் கிடந்தப்ப எடுத்த பழைய ரீடிங் 12.1 மில்லிமீட்டர். நான் சூட்டுல எடுத்தது 12.6. தகடு வளர்ந்திருக்கு! கிளையன்ட் ஆளு சிரிச்சுக்கிட்டே "நல்லதுதானே தம்பி, சைன் பண்ணு"ன்னார். பண்ணிட்டேன்.

ராத்திரி ரூம்ல சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்தப்பதான் உறைச்சுது. மீட்டரை ஏசி ஆபீஸ்ல வச்சுல்ல காலிபரேட் பண்ணேன்! ஸ்டீல் சூடாக ஆக அதுல ஒலி மெதுவாப் போகும். 55 டிகிரிக்கு சுமார் 1 சதவீதம். எதிரொலி லேட்டா வந்தா மீட்டர் தகடு தடிமன்னு நினைச்சுக்கும். கழிச்சா 12.6ங்கிறது வெறும் 12 தான். அது போகட்டும். நாசில் (டேங்க்ல பைப் சேர்ற வாய்) பக்கத்துல ஒரே ஒரு பாயிண்ட் 11.9 காட்டுச்சு. டிராயிங்ல 12 தானே, ஓகேன்னு தாண்டி வந்திருந்தேன். அது நிஜத்துல 11.4.

காலைல மெயில் போட்டேன். "அடுத்த ஷட்டவுன்ல பாக்கலாம்"னு ஒரு வரி பதில். அதுக்கு முன்னாடியே என் கான்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சு.

ஓசூர் பட்டறை:
உங்களுக்காவது மீட்டர் பொய் சொல்லுச்சு தம்பி. எங்களுக்கு மீட்டரே கிடையாது. ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை, கேஸ்ல எரியுற சால்ட் பாத் (உருகின உப்புல பீஸை முக்கிச் சூடு பண்ற இரும்புப் பாட்), 840 டிகிரி. பாட் எத்தனை நாள் ஓடுச்சுன்னு செவுத்துல சாக்பீஸ்ல கோடு போடுவோம். அதுதான் எங்க மானிட்டரிங்.

ஒரு திங்கக்கிழமை பாத்தா உப்பு நாலு விரக்கடை இறங்கியிருக்கு. பீஸோட ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும்னு ஒரு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினேன். மறுநாளும் இறக்கம். மறுபடியும் கொட்டினேன். மூணாம் நாள் டீ குடிக்க வெளிய வந்த பெரியவர் புகைபோக்கியைப் பாத்துட்டு கிளாஸைக் கீழ வச்சுட்டார். வெள்ளையா, மாவு மாதிரி புகை. "பர்னரை நிறுத்துடா"ன்னு ஒரே கத்து. பாட் அடியில விரல் நுழையுற ஓட்டை. ரெண்டு நாளா நான் உப்பை அடுப்புக்குள்ளதான் ஊத்தியிருக்கேன். செங்கல்லோட சேந்து இறுகிப்போனதை உளி வச்சு வெட்டி எடுக்க நாலு நாள் ஆச்சு.

குளோவ்பாக்ஸ் கைதி:
அண்ணே, ஓட்டை விழுந்தா அதாவது கண்ணுக்குத் தெரியும். என் கதையில அதுவும் இல்ல. பிஎச்டி, குளோரைடு உப்பு (மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் மூணும் கலந்தது), 700 டிகிரி. கூப்பனை (சோதனைக்கு வெட்டின சின்ன உலோகத் துண்டு) தொங்கவிட்டு, எடுத்து, கழுவி, எடை போட்டேன். இழப்பு ரொம்பக் கம்மி. குரூப் மீட்டிங்ல கைத்தட்டு வேற.

அப்புறம் அதை வெட்டி, பாலிஷ் பண்ணி மைக்ரோஸ்கோப்புல வச்சா, ஆப்பத்தோட நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கு. குரோமியத்தை மட்டும் உப்பு உறிஞ்சிட்டு நிக்கலை அப்படியே விட்டிருக்கு. எடையில கொஞ்சம்தான் போச்சு, ஆழத்துல நிறையப் போச்சு. மெக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும், நான் சரியா உலர்த்தல. அன்னைலருந்து யாராவது எடை இழப்பை மட்டும் வச்சு கிராஃப் காட்டினா எனக்கு வயித்தக் கலக்கும்.

ரிடையர்டு கெமிஸ்ட்:
நான் பாத்தது சின்ன விஷயம்தான். ஒரு டெஸ்ட் லூப்ல (உப்பு சுத்திவர்ற சோதனை பைப்) உப்பு சாம்பிள் எடுக்கிற கரண்டியே கரைஞ்சு, சாம்பிள்ல நிக்கல் ஏறிக் காட்டுச்சு. ஒரு வாரம் எல்லாரும் பைப்பைச் சந்தேகப்பட்டோம்.

ஆனா இங்க எல்லாரும் சுவரையே அளந்துட்டிருக்கீங்க. உப்பைக் கேளுங்கப்பா. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ்ல 1965லருந்து 1969 வரைக்கும் உருகின ஃபுளோரைடு உப்புல ரியாக்டரே ஓட்டினாங்க, 650 டிகிரி வாக்குல. உப்புல குரோமியம் எவ்வளவு ஏறுதுன்னு பாத்துத்தான் அரிப்பைக் கணிச்சாங்க. ஏறினா பெரிலியம் கம்பியை உப்புல இறக்கி யுரேனியத்தோட ரிடாக்ஸை, அதாவது உப்பு எலெக்ட்ரானைப் பிடுங்குற குணத்தை, சரி பண்ணுவாங்க. ஃபுளோரைடுல காப்பு ஆக்சைடு நிக்காது, அதனால ரிடாக்ஸ்தான் காவல். நைட்ரேட் டேங்க் வச்சிருக்கிறவங்க வாங்குற உப்புல குளோரைடு எவ்வளவுன்னு லோடுக்கு லோடு பாருங்க. ஆன்லைன் வேணும்னா எலெக்ட்ரோகெமிக்கல் புரோப் இருக்கு, ஆனா அது ஒப்பிட்டுப் பாக்குற ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடோட அளவு நாள்பட நகரும், அதை நம்பி தூங்கிடாதீங்க. யூடி எல்லாம் போஸ்ட்மார்ட்டம். ஓசூர் தம்பிக்கு ஒண்ணு: சயனைடு பாத்ல இருந்து எடுத்த பீஸை நேரா நைட்ரேட் பாத்ல விடாதீங்க, வெடிச்சுடும்.

ஓசூர் பட்டறை:
சார், எனக்கு வயசு 54. சயனைடு விஷயம் எங்க பட்டறையில டீ வாங்கப் போற பையனுக்கும் தெரியும்.

வளைகுடா என்டிடி:
போஸ்ட்மார்ட்டமா? உப்புல குரோமியம் ஏறினா எங்கயோ அரிக்குதுன்னுதான் தெரியும். மொத்த டேங்க்ல எந்த இடம்னு உப்பு சொல்லுமா சார்? அதுவும் என் ஷெல் கார்பன் ஸ்டீல், அதுல குரோமியமே கிடையாது. என் 11.4 ஒரு நாசில் ஓரம். அதை யூடிதான் காட்டுச்சு. தப்பாப் படிச்சது நான்.

மஞ்சள் கை:
சின்னதா ஒண்ணு. சாம்பிள் எடுத்த நைட்ரேட் உப்பு ஆறினதும் இளமஞ்சளா இருந்துச்சு. வெள்ளையாதானே இருக்கணும்னு கையில எடுத்து உடைச்சு, மோந்துகூடப் பாத்தேன். அப்புறம்தான் லேப்ல சொன்னாங்க, ஸ்டெயின்லெஸ்ல இருந்து வந்த குரோமேட்டாம். ஆறு வேலன்ஸ் குரோமியம், விஷம். அன்னைக்கு எத்தனை தடவை சோப்பு போட்டேன்னு எனக்கே தெரியாது. இப்பவும் சாம்பார் சாதம் சாப்பிட்டு விரல் மஞ்சளாத் தெரிஞ்சா அந்த ஞாபகம்தான்.

ஓசூர் பட்டறை:
என்டிடி தம்பி, அந்த நாசில் ஓரம் இப்ப எப்படி இருக்கு?

வளைகுடா என்டிடி:
கூட வேலை பாத்த பையன்கிட்ட போன வாரம்தான் கேட்டேன். ஷட்டவுன் வந்து போயிடுச்சாம். அந்த ஜன்னல் வழியா சூடு வீணாப் போகுதுன்னு இன்சுலேஷன் போட்டு நிரந்தரமா மூடிட்டாங்களாம்.