கம்பம் 135 செ.மீ. என்கிறது, ஆழக்கம்பி 95 என்கிறது: எதை எழுதுவது?

பனித்தடம் (கேள்வி)
வணக்கம். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் நியூ-ஓலசுண்டில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்திலிருந்து எழுதுகிறேன். பக்கத்திலுள்ள ஒரு சிறு பனியாற்றில் குளிர்காலத்தில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று அளப்பது என் வேலை. கீழ்ப்பகுதியில், பனிக்கட்டியில் துளையிட்டு நட்ட ஒரு அளவுக் கம்பத்தில் கணக்கு இடிக்கிறது.

சென்ற செப்டம்பரில் வெறும் பனிக்கட்டிக்கு மேலே கம்பம் 320 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஏப்ரலில் 185 செ.மீ.தான் வெளியே தெரிகிறது. அப்படியானால் 135 செ.மீ. சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் ஆழக்கம்பியை (பனியின் ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பி) குத்திப் பார்த்தால் எல்லா இடத்திலும் 95 செ.மீ. அளவில் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. கம்பம் சாயவில்லை. பனியின் சராசரி அடர்த்தி கன மீட்டருக்கு 380 கிலோ. உருகினால் கிடைக்கும் நீராகக் கணக்கிட்டால், ஆழக்கம்பியின்படி 361 மி.மீ., கம்பத்தின்படி 513. சராசரி எடுத்துவிடலாமா?

இது ரேடியோ அமைதி காக்கும் ஊர், வைஃபை கிடையாது. கம்பி இணைப்பில்தான் பார்க்கிறேன், பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துருவன்
சராசரி வேண்டவே வேண்டாம், தம்பி. கம்பம் காட்டுவது செப்டம்பர் பரப்பிலிருந்து இன்றைய பரப்பு வரை உள்ள உயரம். ஆழக்கம்பி காட்டுவது முதல் கெட்டியான தடை வரை உள்ள ஆழம். அந்தத் தடைதான் செப்டம்பர் பரப்பு என்பதற்கு என்ன உத்தரவாதம்?

என் சந்தேகம் மூன்று. குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து, பனிக்குள்ளேயே ஒரு பனிக்கட்டித் தட்டு உறைந்திருக்கலாம். ஸ்வால்பார்டில் இது நடக்கக்கூடியதுதான். 2012 ஜனவரி இறுதியில் பெய்த பெருமழை தரையையே பனிக்கட்டியால் மூடியது. இரண்டாவது, மேலிருந்து இறங்கிய நீர் பழைய பனிக்கட்டியின் மீது மறுபடி உறைந்து, அடித்தளத்தையே உயர்த்தியிருக்கலாம். மூன்றாவது, கம்பம் தன் துளைக்குள் கீழே இறங்கியிருக்கலாம். மூன்றில் எது நடந்திருந்தாலும் கம்பத்தின் எண் ஆழக்கம்பியின் எண்ணைவிடப் பெரிதாகத்தான் வரும். அதனால் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று பிரிக்க முடியாது. குழி வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

மற்றக் கம்பங்களிலும் இதே வித்தியாசம் வருகிறதா? ஒன்றில் மட்டும் என்றால் கம்பம் இறங்கியதா என்று முதலில் பாருங்கள். ஆனால் கெட்டியான, குளிர்ந்த பனிக்கட்டியில் நட்ட கம்பம் ஒரே குளிர்காலத்தில் 40 செ.மீ. இறங்கும் என்று நான் நம்பமாட்டேன்.

அகழ்
குழியைக் கம்பத்தின் காலடியில் வெட்டாதீர்கள். அந்தப் பரப்பு கலைந்தால் அடுத்த அளவீடு கெட்டுவிடும். சில மீட்டர் தள்ளி, நிழல் விழும் சுவரை ஆய்வுச் சுவராக வைத்துக்கொள்ளுங்கள். ஆழக்கம்பி நின்ற இடத்தில் மண்வெட்டியும் நின்றுவிடும். அத்துடன் விட்டுவிடாமல் கோடாலியால் உடைத்துக் கீழே போங்கள். கோடைப் பரப்பு, அதாவது உங்கள் செப்டம்பர் பரப்பு, வந்துவிட்டது என்பதற்குத் தூசிப் படலம்தான் சாட்சி. கறுப்பும் பழுப்புமாக அழுக்கு தெரியும்வரை நிறுத்த வேண்டாம். அடர்த்தியை அடுக்கு அடுக்காக எடுங்கள். கரடிக் காவலுக்கு ஒருவர் குழிக்கு வெளியே நிற்கட்டும், இருவருமே குனிந்து வேலை செய்யாதீர்கள்.

பனித்தடம்
வெட்டியாயிற்று. மேலே 95 செ.மீ. பனி. அதன் கீழே 6 செ.மீ. தடிமனில் கண்ணாடி போன்ற ஒரு தட்டு. அதை உடைத்ததும் உள்ளே 20 செ.மீ. உதிரிப் பனி, பெரிய பெரிய படிகங்கள், கையில் எடுத்தால் ஒட்டாமல் சரிந்து விழுகிறது. அடர்த்தி 300. அதற்கும் கீழே 14 செ.மீ. பால் நிறப் பனிக்கட்டி, துளி அழுக்கு இல்லை. அதன் அடியில்தான் தூசிப் படலம். கூட்டினால் சரியாக 135. கம்பம் இறங்கவில்லை.

பனிக்கட்டி அடுக்குகளுக்கு 900 என்று வைத்துக் கணக்கிட்டேன்: 361 + 54 + 60 + 126 = 601 மி.மீ. நான் வைத்திருந்த இரண்டு எண்ணும் குறைவு! மேலே உள்ள மற்ற இரு கம்பங்களிலும் ஆழக்கம்பி இதே போல ஒரு தட்டில்தான் நிற்கிறது போலிருக்கிறது.

துருவன்
அருமை. கம்பத்தின் உயரம் சரிதான். அந்த 135 செ.மீ. முழுவதையும் 380 கிலோ பனியாக எண்ணியதில்தான் 513 வந்தது. தட்டும் (6) பால் நிற அடுக்கும் (14) சேர்ந்த 20 செ.மீ. பனிக்கட்டிக்குள் 180 மி.மீ. நீர் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். குளிர்காலச் சேர்மானத்தில் இதை விட்டுவிட்டால், கோடையில் உருகியதன் கணக்கும் சேர்ந்து தவறிவிடும். உங்கள் ஊருக்கு அருகில் ஆஸ்ட்ரே புரோகர்பிரேன் பனியாற்றில் 1967 முதலும், மித்ரே லோவேன்பிரேன் பனியாற்றில் 1968 முதலும் நார்வே துருவ ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் அளந்து வருகிறது. அவ்வளவு நீண்ட தொடருடன் உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டுமானால், உறைந்த நீரையும் எண்ணியே ஆக வேண்டும்.

வரலாற்றுப்பனி
பழங்காலத் தட்பவெப்பத்தைத் தேடுகிறவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. அந்த 6 செ.மீ. தட்டைக் குறிப்பேட்டில் தனியாக எழுதுங்கள். பனிக்கட்டியைத் துளையிட்டு எடுத்த தண்டுகளில் பழைய ஆண்டுகளைப் படிக்கும் எங்களுக்குத் தலைவலி தருவது இப்படி ஊறி உறையும் நீர்தான். மேலிருந்து ஊறி இறங்கும்போது பழைய வெப்பநிலையைக் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளையும் உப்புகளையும் கலக்கிவிடுகிறது, ஆண்டு எல்லைகள் மங்கிவிடுகின்றன. 1997-இல் ஸ்வால்பார்டின் லொமொனொசொவ்ஃபொன்னா பனிமேட்டின் உச்சியில், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் துளையிட்டு எடுத்த தண்டில்கூட உருகி உறைந்த அடுக்குகள் ஏராளம். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற 1963-ஆம் ஆண்டு கதிரியக்கச் சீசியம்-137 உச்சம், 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி வெடித்தபோது படிந்த கந்தக அமிலம் போன்ற அடையாளங்களைப் பிடித்துத்தான் அதற்குக் காலம் குறித்தார்கள். தண்டில் உருகி உறைந்த அடுக்கு தெரிந்தால், வெப்பமான கோடை என்று படிப்பது வழக்கம். குளிர்கால மழையும் அதே போன்ற அடுக்கை விட்டுச்செல்லும் என்பதற்கு, நேரில் பார்த்து எழுதிய உங்கள் குழி போன்ற பதிவுகள் எங்களுக்கு மிகவும் தேவை. நிலைய வானிலைப் பதிவில் மழை பெய்த தேதியைத் தேடிப் பாருங்கள்.

பனித்தடம்
தேடுகிறேன், அக்கா. நாளைக் காற்று அடங்கினால் மேலே உள்ள இரண்டு கம்பங்களின் அருகிலும் குழி வெட்டப் போகிறோம். உப்பு ஆய்வுக்குத் தட்டிலிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால் எவ்வளவு பனிக்கட்டி தேவைப்படும்?

வரலாற்றுப்பனி
புதிய கையுறை போட்டு, மண்வெட்டி பட்ட வெளிப்பகுதியைச் சுத்தமான கத்தியால் செதுக்கி எறிந்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால் போதும். தட்டின் மேலும் கீழும் உள்ள பனியிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி எடுங்கள். ஆய்வகத்துக்குப் போகும்வரை உருகவிடாதீர்கள்.