ஒன்று குண்டு, ஒன்று நோஞ்சான்: ஜோடி முயல்களுக்கு எப்படித் தீனி கொடுப்பது?

சிப்புட்_தங்கச்சி:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு ஜோடி முயல் இருக்கிறது. மல்லி பெண், கருப்பன் ஆண். இரண்டுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது, வயது நான்கு ஆகப்போகிறது, குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. ஈப்போவில் டாக்டரிடம் காட்டியபோது மல்லி 3.1 கிலோ, கருப்பன் 1.7 கிலோ. மல்லி 2.4 கிலோவுக்கு இறங்க வேண்டும் என்கிறார். கருப்பன் போன வருடம் 2.1 கிலோ இருந்தான், அவன் ஏற வேண்டுமாம். "இவளுக்குக் குறைங்க, அவனுக்குக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டார், ஆனால் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுகிற ஜீவன்கள், எப்படிக் குறைப்பது எப்படிக் கூட்டுவது?

இப்போது கொடுப்பது: பெல்லட் (கடையில் விற்கும் முயல் தீனி உருண்டை) தட்டில் எப்போதும் இருக்கும், அப்பா தோட்டத்திலிருந்து வரும்போது ஒரு கட்டு நேப்பியர் புல் அறுத்து வருவார், சாயங்காலம் கேரட், கங்குங் கீரை, பாட்டி கையால் ரொட்டித் துண்டு. தட்டை எடுத்துவிட்டால் கருப்பன் இன்னும் இளைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. தனித்தனிக் கூண்டில் போடவும் மனசு வரவில்லை, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெலுக்_இந்தான்_அக்கா:

தங்கச்சி, பிரிக்க வேண்டாம். பெல்லட் சாப்பிடும் நேரத்தில் மட்டும் பிரித்தால் போதும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நடுவில் ஒரு கம்பித் தடுப்பை வைத்து, ஆளுக்கொரு தட்டில் அளந்து போட்டு, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை எடுத்துவிட்டுத் தடுப்பையும் எடுத்துவிடுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே சாப்பிடும், அதனால் பதற்றம் வராது. கருப்பன் மெதுவாகச் சாப்பிடுகிறவன் என்றால் பூனையைத் தூக்கிப்போகும் பெட்டிக்குள் தட்டை வைத்துப் பழக்கலாம், என்னுடையது தட்டுச் சத்தம் கேட்டாலே தானாகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அளவுக்கு வருகிறேன். வளர்ந்த முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் பெல்லட் என்பது ஒரு நாளைக்குப் பொதுவாகச் சொல்லும் மேல்வரம்பு. மல்லிக்கு இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள், இருக்க வேண்டிய 2.4 கிலோவை வைத்துப் பாருங்கள். 60 கிராம் வரும், அதிலிருந்து சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது, இது ரொம்ப முக்கியம். குண்டு முயல் திடீரென்று பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கும் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கேரட்டும் ரொட்டியும் வேண்டாம். கேரட்டில் சர்க்கரை, ரொட்டியில் மாவு, இரண்டுமே முயல் குடலுக்கு ஒத்து வராது. பாட்டி கையில் கொத்தமல்லியோ புதினாவோ கொடுத்துவிடுங்கள், அவர் ஊட்டுகிற சந்தோஷமும் கெடாது.

கூலிம்_தம்பி:

எதுக்கு இவ்வளவு சிரமம், ரெண்டு கூண்டு வாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. ஒல்லி முயலுக்கு அல்ஃபால்ஃபா கொடுங்க, சீக்கிரம் சதை போடும். ரெண்டுக்குமே கொடுத்தாலும் பரவாயில்லை, புல்தானே.

ஓய்வுபெற்ற_கால்நடை_உதவியாளர்:

தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஜோடி சேர்ந்த முயல்களை நாள் கணக்கில் பிரித்து வைத்தால் திரும்பச் சேர்க்கும்போது கடித்துக் குதறிக்கொள்ளலாம், பழையபடி பழக்க வாரக்கணக்கில் ஆகும். அல்ஃபால்ஃபா புல் இல்லை, பயறு வகைச் செடி. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளர்கிற குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் நல்லது. நான்கு வயதுக் குண்டு முயலுக்குப் போட்டால் எடை இன்னும் ஏறும், மூத்திரப்பையிலும் சுண்ணாம்பு படியும்.

நான் அதைவிட முக்கியமாகக் கேட்பது வேறு. எப்போதும் நிறைந்திருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே ஒரு முயல் 400 கிராம் இளைக்கிறது என்றால் அது தீனி போதாமல் இளைக்கவில்லை. ஏன் இளைக்கிறது என்று தெரியாமல் தீனியை மட்டும் கூட்டிப் பயன் இல்லை. கவனித்துச் சொல்லுங்கள் அம்மா: ஆசையாகத் தட்டுக்கு வந்துவிட்டு வாயில் எடுத்ததைக் கீழே போடுகிறானா? தாடை ஈரமாக இருக்கிறதா? புழுக்கை முன்பைவிடச் சிறியதா? முயல் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், நார் மென்றால்தான் தேயும். பெல்லட்டிலேயே வயிறு நிரம்பும் முயலுக்குக் கடைவாய்ப் பல் சரியாகத் தேயாமல் முள் போல நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வெளியிலிருந்து முன்பல்லைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும்.

இன்னொன்று, அப்பா கொண்டுவரும் புல். நேப்பியர் நல்ல புல்தான், ஆனால் எங்கே அறுக்கிறார்? செம்பனை வரிசைகளுக்கு நடுவிலும் சாலை ஓரத்திலும் களைக்கொல்லி அடிப்பார்கள். பாராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை, என்றாலும் கிளைபோசேட்டும் மற்ற மருந்துகளும் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்து அடித்த உடனே புல் கருகாது, பச்சையாகத்தான் நிற்கும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டு, மருந்து அடிக்காத இடத்தில் மட்டும் அறுக்கச் சொல்லுங்கள். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) இலையும் வேண்டாம், முடி கொட்டும்.

சிப்புட்_தங்கச்சி:

ஐயா, நீங்கள் கேட்ட மூன்றுமே இருக்கிறது. முதலில் தட்டுக்கு ஓடி வருவது அவன்தான், இரண்டு மூன்று பெல்லட்டை வாயில் வைத்து உருட்டிவிட்டுக் கீழே போடுகிறான், அதை மல்லி வந்து சாப்பிட்டுவிடுகிறாள். தாடைக்குக் கீழே முடி ஒட்டிப்போய் இருக்கிறது, வெயிலுக்குத் தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறான் என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம். திங்கட்கிழமை மறுபடி ஈப்போவுக்குக் கொண்டு போகிறேன். மல்லியின் பின்பக்கம் மெத்தென்ற புழுக்கை அப்பிக்கொண்டிருக்கிறது, அது வயிற்றுப்போக்கா?

தெலுக்_இந்தான்_அக்கா:

பெரும்பாலும் வயிற்றுப்போக்கு இல்லை தங்கச்சி. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். ஒன்று காய்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று கொத்தாக வரும், அதை அது குனிந்து வாயால் நேராக எடுத்து மறுபடி சாப்பிட்டுவிடும், அதில்தான் வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. குண்டானால் குனிய முடியாது, அப்படியே ஒட்டிக்கொள்ளும். பெல்லட் அதிகமானாலும் அது மிஞ்சிப்போகும். நம் ஊர் வெக்கைக்கு அங்கே ஈ முட்டை வைத்து ஒரே நாளில் புழு பிடித்துவிடும், அதனால் தினமும் காலை, மாலை பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய வையுங்கள், முழுக்கக் குளிப்பாட்ட வேண்டாம்.

சிப்புட்_தங்கச்சி:

போய் வந்தோம். கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் நீண்டு நாக்கில் புண். மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட்டார், வலி மருந்தும் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொத்தமல்லி சாப்பிட்டான். இனி இரண்டு பேருக்கும் எப்படி?

ஓய்வுபெற்ற_கால்நடை_உதவியாளர்:

நல்ல வேளை, கொண்டு போனீர்கள். புண் ஆறும்வரை அவன் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக, ஆறியபின் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், குடல் நின்றுபோகும், உடனே டாக்டர்தான்.

பிறகு இருவருக்கும் பொதுவான சாப்பாடு காய்ந்த புல். திமோத்தியோ ஓட்ஸ் புல்லோ, எந்நேரமும் குவியலாக இருக்கட்டும். அது மல்லியைக் குண்டாக்காது, அவனுக்குப் பல் தேயும், இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிடலாம். வித்தியாசம் பெல்லட்டில் மட்டும். நம் மத்தியான வெயிலில் முயல் சரியாகச் சாப்பிடாது, புதுப் புல்லை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் போடுங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மல்லிக்கு வாரம் 30 கிராம் இறங்கினாலே போதும். பல் மறுபடி வளரும், டாக்டர் சொன்ன தேதியில் அவனைக் காட்டிவிடுங்கள்.

கூலிம்_தம்பி:

காய்ந்த புல்லைப் பெரிய மூட்டையாக வாங்கினால் மலிவு அக்கா, ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தரையில் வைக்காமல், காற்றுப் போகிற அட்டைப்பெட்டியில் மேலே தூக்கி வைங்க. புளித்த வாடை வந்தால் கொடுக்க வேண்டாம். ஐயா, அல்ஃபால்ஃபா பற்றிச் சொன்னதற்கு நன்றி, என் முயலுக்கும் மாற்றுகிறேன்.