சித்தப்பாவைக் கொன்றவர் வெளியே வரப்போகிறார், தண்டனை என்பது யாருக்காக?

கெடிலக்கரை:
வணக்கம். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எங்கள் வீடு. நிலத் தகராறில் என் சித்தப்பாவை வெட்டிக் கொன்றவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்து கேப்பர் மலை ஜெயிலில் இருக்கிறார். இடையில் பரோலில் வந்து போயிருக்கிறார், அதைச் சித்தி மார்க்கெட்டில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். இப்போது முன்விடுதலைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதாம், இதுவும் ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரியும். அதிலிருந்து சித்தி சரியாகத் தூங்குவதில்லை. "அன்றைக்கே தூக்கில் போட்டிருந்தால் நமக்கு இந்தப் பயம் இருக்குமாடா?" என்று கேட்கிறார்கள்.

நான் 2011 ஆகஸ்டில், காலேஜ் படிக்கும்போது, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூன்று பேர் தூக்கை நிறுத்தச் சொல்லி நடந்த போராட்டத்தில் போய் உட்கார்ந்தவன். இன்றும் தூக்கு கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சித்தி முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. திருத்துவதற்கு, பயமுறுத்துவதற்கு, பழிக்குப் பழி என்று ஏதேதோ சொல்கிறார்கள், இதில் எங்கள் குடும்பத்துக்கு என்று எது இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அம்மா:
தம்பி, உன் சித்தி கேட்பதில் தப்பே இல்லை. 2024 மார்ச்சில் புதுச்சேரியே தெருவில் இறங்கி நின்றதே, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமைக்காக, அந்தக் கூட்டத்தில் நானும் என் மகளும் நின்றோம். தூக்கில் போட்டால் நாளைக்கு எவனும் பயந்துவிடுவான் என்று நான் நம்பவில்லை, குடித்துவிட்டு வருகிறவன் சட்டம் படித்துவிட்டா வருகிறான்? நான் கேட்பது வேறு. ஒரு பச்சைக் குழந்தையின் உயிருக்கு இந்த நாடு என்ன மதிப்புக் கொடுக்கிறது என்பது அந்தத் தீர்ப்பில்தானே தெரியும்? கொன்றவன் ஜெயிலில் சாப்பிட்டு, படித்து, பட்டம் வாங்கி, நல்லவனாக வெளியே வருவான் என்று சொன்னால் பெற்றவள் மனசு என்ன பாடுபடும். சில குற்றங்களுக்குத் தூக்குதான் நியாயம், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

வில்லியனூர் வக்கீல்:
முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயுள் என்றால் 14 வருஷம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆயுள் என்றால் உயிர் இருக்கும் வரைதான். கொலை போன்ற குற்றத்தில் ஆயுள் வாங்கியவரை 14 வருஷம் முடியாமல் அரசு தண்டனைக் குறைப்பில் விடக் கூடாது என்பதுதான் சட்டத்தில் இருக்கிறது, 14 முடிந்தால் விட்டாக வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

இரண்டாவது, உச்ச நீதிமன்றத்தின் 1980 பச்சன் சிங் தீர்ப்புக்கு அப்புறம் அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு. நிலத் தகராறில் நடந்த ஒரு கொலைக்குத் தூக்கு கிடைப்பது மிகவும் அபூர்வம். ஆக, தூக்கு சட்டத்தில் இருப்பதால் உங்கள் சித்திக்கு எந்தப் பாதுகாப்பும் வந்திருக்காது, இந்த நாட்டில் கொலையில் ஆளை இழந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

முத்தியால்பேட்டை அம்மாவுக்கு: உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன் அக்கா. ஆனால் தூக்குப் போடுகிற கைக்கு ஆளைத் தேடித் தருவது போலீஸ் விசாரணைதானே. மகாராஷ்டிராவில் 2003ல் ஒரே வீட்டில் ஐந்து பேரைக் கொன்று பெண்களைச் சீரழித்த வழக்கு, கேட்டாலே ரத்தம் கொதிக்கும். ஆறு பேருக்குத் தூக்கு என்று 2009ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதே நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஆறு பேரும் குற்றவாளிகள் இல்லை என்று விடுதலை செய்தது. கண்ணால் பார்த்த சாட்சி போலீஸ் ஆல்பத்தில் முதலில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை, அவர்கள் பக்கம் போலீஸ் போகவே இல்லை. நடுவில் தூக்கில் போட்டிருந்தால்? செத்தவர்கள் குடும்பத்துக்கும் என்ன நியாயம் கிடைத்தது, உண்மையில் செய்தவன் இன்றைக்கும் வெளியில்தானே இருக்கிறான்.

தம்பி போராடிய அந்த வழக்கையே எடுங்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது நான்கு பேருக்கு மட்டும், 19 பேரை வெளியே விட்டது. அந்த நான்கும் பின்னால் ஆயுளாகி, 2022ல் விடுதலையும் ஆனார்கள். ஒரே ஆதாரத்தை வைத்து 26 எப்படி நான்கானது என்று யோசித்தால் எனக்குத் தூக்குத் தீர்ப்பு மேல் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

விருத்தாசலம்காரன்:
எங்கள் பக்கத்தில் நடந்த ஆணவக் கொலையை இங்கே யாரும் சொல்லவில்லை. 2003ல், வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேருக்கு விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 2021ல்தான் கடலூர் கோர்ட்டில் தீர்ப்பு, பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு, 12 பேருக்கு ஆயுள். 2022ல் ஹைகோர்ட் அந்தத் தூக்கை ஆயுளாக்கியது, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. 22 வருஷம்! தூக்கு ஆயுளானதற்கு எங்கள் பக்கம் சிலர் வருத்தப்பட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. வழக்கைத் திரித்த போலீஸ்காரர்களும் கூண்டில் ஏறித் தண்டனை வாங்கினார்களே, அதுதான் பெரிய விஷயம். ஊரில் எல்லோரும் அதுவரை "கேஸ் ஒன்றும் ஆகாது, பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பேசினார்கள். ஒன்றும் ஆகாது என்ற அந்தத் தைரியத்தை உடைக்க ஒரு ஆளைத் தொங்கவிட வேண்டியதில்லை, இரண்டு வருஷத்தில் தீர்ப்பு வந்தால் போதும்.

பழைய வார்டர்:
ஜெயில் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவன். ஆயுள் கைதிகளில் ரொம்பப் பேர் ஒரு நாள் ஆத்திரத்தில் செய்துவிட்டு வந்தவர்கள், கொஞ்ச வருஷத்தில் ஆளே மாறிவிடுவார்கள். மாறாதவர்களையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன். வெளியே போவோம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் உள்ளே ஒழுங்காக இருப்பார்கள், அதனால் முன்விடுதலையே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தலைவர் பிறந்த நாளுக்கு என்று மொத்தமாக விடுவது எனக்குப் பிடிக்காது. 2008ல் அண்ணா நூற்றாண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் ஆயுள் கைதிகளை விட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, இவர் மாறினாரா, போகிற ஊரில் யார் பயந்துகொண்டு இருக்கிறார்கள் என்று விசாரித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

முத்தியால்பேட்டை அம்மா:
வக்கீல் சொன்ன மகாராஷ்டிரா விஷயத்தை என் மகளிடம் காட்டினேன். ஆறு பேர் நிரபராதி என்றால் அது கொடுமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேமராவில் பதிவாகி, டிஎன்ஏவும் ஒத்துப்போய், சந்தேகமே இல்லாத வழக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

வில்லியனூர் வக்கீல்:
நல்ல கேள்வி அக்கா. சந்தேகமே இல்லை என்று நினைத்துத்தான் அந்த ஆறு பேருக்கும் எழுதினார்கள். இது சந்தேகமே இல்லாத வழக்கு என்று முடிவு செய்வதும் அதே போலீஸ், அதே கோர்ட்தான். அப்புறம், வெளியே விடவே கூடாத ஆள் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, 2008ல் இருந்து உச்ச நீதிமன்றம் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுளை விதிக்கிறது. நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன, அந்த பிரான்ஸ் நாட்டில் 1981ல் மரண தண்டனையையே ஒழித்துவிட்டார்கள், அன்றைக்கு அங்கேயும் பெரும்பாலான மக்கள் அது வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. சித்தியிடம் உட்கார்ந்து பேசினேன், தூக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை, என்ன பயம் என்று மட்டும் கேட்டேன். அவர் எதிரே வந்தால் என்ன செய்வது, தம்பி பசங்களை ஏதாவது செய்துவிட்டால், அதுதான் என்றார்கள். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்கள், இத்தனை வருஷத்தில் அரசாங்கத்தில் இருந்து ஒருத்தர்கூட வந்து "உனக்கு என்னம்மா வேண்டும்" என்று கேட்கவில்லையாம். முன்விடுதலை விஷயத்தில் எங்கள் பேச்சுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா வக்கீல் சார்?

வில்லியனூர் வக்கீல்:
இருக்கிறது, நீங்களாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். பட்டியலை முடிவு செய்வதற்கு முன் போலீஸ், நன்னடத்தை அலுவலர் இரண்டு பேரிடமும் அறிக்கை வாங்குவார்கள். எங்கள் குடும்பத்தையும் விசாரித்து எழுத வேண்டும், பரோலோ விடுதலையோ முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சித்தி பெயரிலேயே மனு எழுதி, சிறைக் கண்காணிப்பாளருக்கும் உள்துறைச் செயலருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். எந்தக் காரணத்துக்காகப் பயம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், தூக்கு பற்றி அதில் எதுவும் வேண்டாம். அதையும் மீறி முறையில்லாமல் விட்டால் கோர்ட்டுக்குப் போகலாம், 2002 கலவரத்தில் தன்னைச் சீரழித்து, தன் குடும்பத்தாரைக் கொன்ற 11 பேரை குஜராத் அரசு முன்கூட்டியே விட்டதை பில்கிஸ் பானோ எதிர்த்து, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைத்தாரே. பணம் செலவழிக்க வேண்டாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். மனுவை எழுதிவிட்டு இங்கே போடுங்கள், பெயர் ஊர் எல்லாம் எடுத்துவிட்டு, நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.