ஒரே சொல்: பரிசா, விஷமா, கல்யாணமா?

கேள்வி:
ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' பரிசு. ஜெர்மனில் அதே நான்கு எழுத்துக்கு விஷம் என்று பொருள். ஸ்வீடிஷில் விஷமும் அதுதான், கல்யாணம் ஆனவரும் அதுதான். மூன்றும் ஒரே வேரா, தற்செயலா? ஸ்வீடிஷ் படிவங்களையும் ரசாயன டப்பா லேபிள்களையும் தமிழாக்கும்போது எதை வைத்துப் பொருளை முடிவு செய்வது?

பதில் 1:
ஒரே வேர்தான். 'கொடு' என்னும் ஜெர்மானிய வினையில் பிறந்த பெயர்ச்சொல் அது. கல்யாணப் பொருளைத் தமிழர் உடனே பிடித்துக்கொள்ளலாம்: 'அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறோம்' என்கிறோமே, அதேதான். பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் விலையைக் குறித்தது.

விஷப் பொருள் மருத்துவம் வழியே வந்தது. கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். பிறகு, ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவு. லத்தீனுக்குப் போன அச்சொல்லை ஜெர்மன்காரர்கள் தங்கள் 'கிஃப்ட்' கொண்டு பெயர்த்தார்கள். கொடுத்த மருந்து போகப்போகக் கொல்லக் கொடுத்ததாகச் சுருங்கிவிட்டது. இலக்கணத்தில் மங்கலம் என்பார்களே, அந்த வகை. 'எலி மருந்து', 'மருந்தைக் குடிச்சுட்டான்' என்பதில் நாமும் இதைத்தான் செய்கிறோம். பிரெஞ்சு 'புவாசோன்' (விஷம்) கூட லத்தீனில் வெறும் 'பானம்'தான்.

ஜெர்மனில் பழைய பொருள் 'மிட்கிஃப்ட்' (சீதனம்) என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆர்ட்டிகிள் 'டீ', விஷத்துக்கு 'டாஸ்'.

பதில் 2:
ஸ்வீடிஷில் முதலில் இலக்கணத்தைப் பாருங்கள் (அங்கே 'கிஃப்ட்' என்பதை 'யிஃப்ட்' என்று உச்சரிப்பார்கள்). முன்னால் 'எட்' (ஒரு) இருந்து, பின்னால் வேறு பெயர்ச்சொல் வராவிட்டாலோ, 'யிஃப்டெட்' என்று முடிந்தாலோ விஷம். 'இருக்கிறார்' என்ற வினைக்குப் பின் தனியாக வந்தால் மணமானவர்; பன்மையில் 'யிஃப்டா'. படிவத்தில் 'யிஃப்ட் / ஊயிஃப்ட்' என்று இரண்டு கட்டம் இருக்கும்: மணமானவர், மணமாகாதவர். இரண்டாவதை 'விஷமற்றது' என்று எழுதிவிடாதீர்கள். விஷமற்றதற்கு 'யிஃப்ட்ஃப்ரீ' என்று தனிச்சொல் உண்டு.

அதிகம் கவிழ்ப்பது 'ஆவ்யிஃப்ட்'. அது கட்டணம். 'ஆவ்யிஃப்ட்ஸ்ஃப்ரீ' என்றால் கட்டணம் இல்லை; ஆனால் 'ஆவ்யிஃப்ட்னிங்' நச்சு நீக்கம்! 'ஊட்யிஃப்ட்' செலவு, 'உப்யிஃப்ட்' பணி அல்லது தகவல். இவற்றையெல்லாம் முழுச் சொல்லாக அகராதியில் தேட வேண்டும். பகுதியைப் பிரித்து ஊகித்தால் தப்பாகும்.

பதில் 3:
லேபிளில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஜெர்மன், டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜியன் ஐந்திலும் 'கிஃப்டிக்' என்ற பெயரடை நச்சுத்தன்மை உள்ளதையே குறிக்கும். ஸ்வீடிஷில் கடைசியில் ஒரு 'ட்' சேரலாம். ரசாயன லேபிள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 விதிப்படி எச்301 (H301) என்ற அபாயக் குறியீட்டின் வாசகம் 'விழுங்கினால் நச்சு'. கூடவே மண்டையோட்டுப் படம். வாசகம் குழப்பினால் எச் எண்ணைப் பிடியுங்கள், அது எல்லா மொழியிலும் ஒன்றே.

டச்சில் மட்டும் பெயர்ச்சொல்லைக் கவனியுங்கள். 'டெ' போட்டு 'கிஃப்ட்' வந்தால் நன்கொடை. விஷத்துக்கு வழக்கமான சொல் 'ட்' இல்லாத 'கிஃப்', ஆர்ட்டிகிள் 'ஹெட்'. ஆகவே தொண்டு நிறுவனத்தின் ரசீதில் வருவது ஒரு எழுத்து கூடுதல், எலி மருந்துப் பெட்டியில் வருவது ஒரு எழுத்து குறைவு.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் முதல் எழுத்து 'ய' ஆகிவிடும். டேனிஷில் 'க' தான்.