பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்பிலிருந்து அப்பாவின் மடல்களை எடுத்த கதை

கிளிநொச்சி:

எங்கள் வீட்டில், போர் முடிந்த 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அல்பம், பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் கையெழுத்து எல்லாம் ஒரே உரப்பைக்குள் இருந்தன. விசுவமடு வரை அந்தப் பை எங்களோடு வந்தது. அதற்குப் பிறகு பையும் இல்லை, அப்பாவும் இல்லை.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அப்பா மாதத்தில் ஒருநாள் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியா போவார். அங்கே ஒரு கொமினிகேசனில், அதாவது தொலைபேசி, இணையக் கடையில், அவர் சொல்லச் சொல்லக் கடைத் தம்பி தட்டி, ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஈமெயில் அனுப்புவார். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டும்வரை இப்படித்தான். அந்த மடல்கள் எங்கேயாவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போன வருடம் சித்தப்பா வந்தபோது ஒரு சிடியைக் கையில் வைத்தார். "பழைய கொம்பியூட்டரை எறிய முதல் மெயில் எல்லாத்தையும் இதில போட்டனான் பிள்ளை. திறக்கத்தான் தெரியேல்லை" என்றார்.

உள்ளே இன்பாக்ஸ் என்ற பெயரில் ஒரு டிபிஎக்ஸ் கோப்பு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய மடல் மென்பொருள் ஒரு போல்டரின் மடல்கள் முழுவதையும் அப்படி ஒரே கோப்பில்தான் சேர்த்து வைக்கும். விண்டோஸ் எக்ஸ்பியோடு அந்த மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது. இப்போதைய கணினியில் இரண்டு தரம் கிளிக் பண்ணினால், எதில் திறப்பது என்று கேட்கும், அவ்வளவுதான். நோட்பேடில் திறந்தேன். குப்பைக்கு நடுவே சித்தப்பாவின் முகவரி தெரிந்தது, பிறகு ஒரு அரை வசனம், பிறகு வேறு யாருடையதோ மடல். ஒரு மடலை 512 பைட் துண்டுகளாக வெட்டி, இடம் கிடைத்த பக்கமெல்லாம் போட்டு வைத்திருக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். கையால் வெட்டி ஒட்டி எடுக்கவே முடியாது. முயன்று இரண்டு நாளை வீணாக்க வேண்டாம்.

சிடியில் கீறல் வேறு. நகல் எடுக்கும்போது முக்கால்வாசியில் நின்றுவிடும். தெரிந்த ஒருவர் லினக்ஸ் கணினியில் டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டார். அது வாசிக்க முடியாத இடத்தை விட்டுத் தாண்டிப் போய், பிறகு திரும்ப வந்து முயலும். காலையில் கோப்பு கைக்கு வந்தது, நடுவில் சில ஓட்டைகளோடு. அதை அன்டிபிஎக்ஸ் என்ற இலவசக் கருவிக்குக் கொடுத்தோம். சாதாரணமாக ஓட்டியபோது சரிவரவில்லை. மீட்பு முறையில் ஓட்டியதும் ஒவ்வொரு மடலும் தனித்தனி ஈஎம்எல் கோப்பாக விழத் தொடங்கியது. ஈஎம்எல்லை தண்டர்பேர்ட் என்ற மடல் மென்பொருள் திறக்கும்.

அப்பாவின் மடல்கள் 31. ஒன்றில் எங்கள் வீட்டுப் படம் இணைப்பாக இருந்தது. கூரை, மாமரம், திண்ணையில் அம்மா, பக்கத்தில் அப்பா. தோள் வரைதான் இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஜேபெக் மேலிருந்து கீழே விரியும், தரவு அறுந்த இடத்தோடு படம் நின்றுவிடும். எனக்கு முகங்கள் கிடைத்தன. அம்மா அந்தப் படத்தை அச்செடுத்துச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார், சாம்பல் பகுதியையும் வெட்டவிடவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளைக் கேளுங்கள். நாங்கள் எழுதியது எங்களிடம் இல்லை, வாங்கியவர்களிடம்தான் இருக்கிறது. பழைய கணினியை எறிந்துவிட்டோம் என்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தீர்களா என்று இன்னொரு தரம் கேளுங்கள்.

ஒரு உதவி வேண்டும். ஆறு மடல்கள் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக நிற்கின்றன. பழுதாகிவிட்டனவா?

புதுக்குடியிருப்பு:

அக்கா, வாசிக்கவே நெஞ்சு அடைக்கிறது. என் அனுபவம் சின்னது. மாமா லண்டனிலிருந்து அனுப்பிய சிடியில் கீறல் ஒன்றும் இல்லை. ஆனாலும் எக்ஸ்பி கணினியில் இம்போர்ட் பண்ண மறுத்துக்கொண்டே இருந்தது. சிடியிலிருந்து நகலெடுக்கும் கோப்பு ரீட் ஒன்லி ஆகவே வரும், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அதைத் தொடாது. புரொப்பர்டீசில் அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன், ஒரு நிமிடத்தில் எல்லாம் வந்தது. எந்தக் கருவியாக இருந்தாலும் மூலக் கோப்பில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கோப்பைச் சுருக்க, கம்பாக்ட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழித்த மடல்கள் அதுவரை கோப்புக்குள் கிடக்கும், கம்பாக்ட் பண்ணினால் போய்விடும்.

வவுனியா:

பழுதாகவில்லை அக்கா, அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நான் 2003, 2004இல் இங்கே ஒரு கடையில் இதே வேலைதான் செய்தேன். இப்போது எல்லாரும் தமிழ் தட்டும் யூனிகோட் முறை அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. பாமினியில் தமிழ் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நின்றால் அது "அம்மா". பாமினி எழுத்துருவை நிறுவிப் பாருங்கள், எழுத்துருவின் பெயர் மடலுக்குள்ளேயே இருந்தால் தானாகத் தமிழாகும். இல்லாவிட்டால் யூனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள்.

மடலின் மூலத்தையும் திறந்து பாருங்கள். கடைக் கணினியில் இருந்து போனதென்றால் திகதி வரியில் +0600 இருக்கும், அதாவது உலகப் பொது நேரத்தைவிட ஆறு மணி முந்தி. 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் அதுதான். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த உங்கள் பக்கம் மட்டும் பழைய நேரத்திலேயே அரை மணி பிந்தி இருந்தது, நினைவிருக்கிறதா? "உங்கட நேரமா எங்கட நேரமா" என்று கேட்டுத்தான் கடைக்கு வருவார்கள்.

கிளிநொச்சி:

தம்பி, நன்றி. ஆறும் தமிழாகிவிட்டன. அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டினேன்.

ஒன்றின் மூலத்தில் 12:04, +0600 என்று இருக்கிறது. தண்டர்பேர்ட் அதை இன்றைய நேரத்துக்கு மாற்றி 11:34 என்று காட்டுகிறது. மடலின் கடைசி வரியில் அப்பா சொல்லியிருக்கிறார்: "இஞ்சை மணி பன்னிரண்டு. எங்கட நேரம் பதினொன்றரைதான், பின்னேரத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடுவன்."