டெல்லிக்குப் போன நம்ம டாக்டரை நேர்ல பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

திருமங்கலத்தான்:
பேர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பின்னாடி கிளினிக் வச்சிருந்தாரே, அவரேதான். எம்.பி. ஆனதும் நன்றி சொல்ல எங்க ஊருக்கு வந்தாரு. எங்கம்மா தண்ணி டேங்குக்கு மனு எழுதி மடிச்சு வச்சுக்கிட்டு வெயில்ல நின்னுச்சு, ஜீப்பை விட்டு இறங்குனவரு மனுவ வாங்கி பின்னாடி நின்ன ஆளுகிட்ட குடுத்துட்டு, மாலையும் கழுத்துமா அப்படியே அம்மாவோட கீழ் இமைய இழுத்துப் பாத்து "ரத்தமே இல்லையேத்தா, மாத்திரை போடுறியா இல்லையா"ன்னாரு. சுத்தி நின்ன கரைவேட்டி எல்லாம் கப்சிப். அம்மாவுக்கு அம்புட்டு சந்தோசம், இன்னைக்கும் அதையேதான் பேசுது. கண்ணைப் பாத்த மனுசன் மனுவப் பாக்கலையே. டேங்கு இன்னும் வரல.

வைகைக்கரை:
டேங்குக்கு யூனியன் ஆபீஸ்ல கேக்கணும்ணே. எம்.பி. நிதி வருசத்துக்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரியணும், அதுவும் அவரு பரிந்துரைதான் பண்ணலாம், வேலைய பாஸ் பண்றது கலெக்டர் ஆபீசு. 2020ல கொரோனான்னு அதையும் நிறுத்தி வச்சாய்ங்க. சின்னப் பிள்ளையில எனக்குத் தேள் கொட்டி நடுராத்திரி தூக்கிட்டுப் போனாக, கைலியோட கதவத் தொறந்தவரு ஊசி போட்டுட்டு விடியுற வரைக்கும் என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சாரு. அவரப் போயி குறை சொல்றீங்களே.

பைபாஸ்ரோடு:
ரொம்பத்தான் தூக்காதீங்க. ஆந்திரா ராஜசேகர ரெட்டியும் டாக்டர்தான். 1973ல புலிவெந்துலால அப்பா பேர்ல ஆஸ்பத்திரி, ஒரு ரூபா டாக்டருன்னு பேரு, 1978ல எம்.எல்.ஏ., 1989ல இருந்து நாலு தடவ கடப்பா எம்.பி. முதல்வரானப்புறம் 2007ல ஆரோக்யஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் கொண்டாந்து ஏழைக்கும் பெரிய ஆபரேஷன் நடக்க வச்சாரு. நம்மாளு? தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரில அடிக்கல் நட்டாங்க. ஜங்ஷன்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறப் போனவரை மடக்கி "எய்ம்ஸ் என்னாச்சு டாக்டர்"னேன். "மூஞ்சி செவந்திருக்கே, பிபி பாத்தீங்களா"ன்னுட்டு ஏசி கோச்சுல ஏறிட்டாரு!! மறுநாள் போயி பாத்தேன், பிபி இருந்துச்சு, அது வேற விசயம்.

செக்கானூரணி மாமா:
மச்சானுக்கு ஹார்ட் ஆபரேஷன், செலவுக்கு உதவி கேட்டு எம்.பி. சிபாரிசு லெட்டருக்குப் போனேன். எஸ்டிமேட்டப் படிச்சுட்டு "ஸ்டென்ட் எதுக்கு ரெண்டு"ன்னு அந்த ஆஸ்பத்திரிக்கே போனப் போட்டாரு. அவ்வளவுதான் நம்ம கதை. ஆனா எல்லாரும் தெரிஞ்சுக்கங்க, பிரதமர் நிவாரண நிதிக்கு எழுதுறவங்க நோயாளி போட்டோ ரெண்டு, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, என்ன நோய் எவ்வளவு செலவுன்னு ஆஸ்பத்திரி குடுக்குற ஒரிஜினல் சர்டிபிகேட், இதெல்லாம் கையில வச்சுக்கிட்டுப் போங்க. தனியார் ஆஸ்பத்திரின்னா அந்த நிதி லிஸ்ட்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க, வருமானச் சான்றுக்கு இ-சேவைல இன்னைக்கே போட்டு வைங்க, ஆபரேஷன் முடிஞ்சப்புறம் ஓடாதீங்க, எல்லாத்துக்கும் மூணு செட் ஜெராக்ஸ், பி.ஏ. மாறிட்டா பைல் காணாமப் போயிரும்.

திருமங்கலத்தான்:
மாமா, இங்க யாரு லெட்டர் கேட்டா? நான் டேங்கப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன்.

செக்கானூரணி மாமா:
அந்த மனுவுக்கு ஜெராக்ஸ் எடுத்தியா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல.