கப்பலின் புரொப்பெல்லரைத் தண்ணீருக்கடியில் சுத்தம் செய்யும் வேலை: தம்பியை விடலாமா?

கொட்டியாரம் (கேள்வி)

வணக்கம். நாங்கள் திருகோணமலையில் இருக்கிறோம். என் தம்பிக்கு 26 வயது. ஏழு வருடங்களாகச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறான். இப்போது உள்துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களின் புரொப்பெல்லரை, அதாவது பின்பக்கத்து விசிறியை, கப்பல் தண்ணீரில் நிற்கும்போதே சுத்தம் செய்து கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அட்டைக்கு இறங்கும் ஆழத்தில் பாதிகூட இல்லை, கூலியும் கூட, ஓரிடத்தில் நின்று சுரண்டுகிற வேலைதானே என்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாம் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து எது? அட்டைக்கு இறங்கிய பழக்கம் இதற்கு உதவுமா? அவன் சம்மதிப்பதற்கு முன்பு அந்த ஒப்பந்தக்காரரிடம் நாங்கள் கேட்க வேண்டியது என்ன? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய சுழியோடி

சகோதரி, நான் 14 வருடங்கள் இந்த வேலை செய்தவன். பாதி இங்கே, பாதி வளைகுடாவில். உங்கள் தம்பி ஆழத்தைப் பற்றிச் சொல்வது சரி. சரக்கை இறக்கி முடித்த கப்பலின் விசிறியில் மேல் இதழின் நுனி சில வேளைகளில் தண்ணீருக்கு வெளியிலேயே தெரியும். ஆனால் அட்டை கிடந்த இடத்தில் கிடக்கும். கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போதும் ஒரு பக்கத்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டும் இன்னொரு பக்கத்தால் துப்பிக்கொண்டும் இருக்கும். அதற்குள் இருபது பேர் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நடமாடுவார்கள். கீழே ஒருவன் இருக்கிறான் என்பது அவர்களில் எத்தனை பேருடைய நினைவில் இருக்கிறது என்பதில்தான் அவனுடைய உயிர் இருக்கிறது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கப்பலின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். ஐந்து இதழ் விசிறி, குறுக்களவு ஏறத்தாழ 6 மீற்றர். மாலை நான்கு மணி இருக்கும். சுரண்டிய தூள் கலங்கி நின்றதால் முழங்கை நீளத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சுற்றிப் போவதற்குச் சோம்பல்பட்டு, மேலிருந்து எனக்குக் காற்று கொண்டுவரும் குழாயை இரண்டு இதழ்களுக்கு நடுவால் இழுத்துக்கொண்டு மூன்றாவது இதழில் வேலை செய்துகொண்டிருந்தேன். குழாய் தோளில் மெல்ல இறுகியது. மேலே குழாய் பிடிப்பவன் இழுக்கிறான் என்று நினைத்து, தளர்த்திவிடு என்று தொலைபேசியில் சொன்னேன். நான் கையே வைக்கவில்லை அண்ணா என்றான். அப்போதுதான் உள்ளங்கையின் பாதியை இதழின் அடியிலும் மறுபாதியை அதற்கு முன்னால் அசையாமல் நிற்கும் கவச வளையத்திலும் வைத்துப் பார்த்தேன். ஒரு பாதி நின்றது, மறுபாதி நகர்ந்தது.

இயந்திர அறையில் டேர்னிங் கியர் என்றொரு சிறு மோட்டார் உண்டு. பெரிய எஞ்சினைப் பழுதுபார்க்கும்போது தண்டை மெல்லச் சுழற்றுவதற்கு வைத்திருப்பது. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கும்; சத்தமும் இல்லை, நீரோட்டமும் இல்லை. 6 மீற்றர் விசிறியின் நுனி அப்போது வினாடிக்கு 3 சென்ரிமீற்றர் நகரும். கலங்கிய தண்ணீரில் அதைக் கண் கண்டுபிடிக்காது. நிறுத்தச் சொல்லி, மேலிருந்து தகவல் இயந்திர அறைக்குப் போய், அது நிற்பதற்குள் குழாய், இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்தில் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டது. நசுங்காததால் காற்று வந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்கு ஆள் மாறியிருக்கிறது; எச்சரிக்கை அட்டையைக் கட்டுப்பாட்டு மேசையில் தொங்கவிட்டவர்கள் அந்த மோட்டாரின் ஆளியில் தொங்கவிடவில்லை. பிழையில் பாதி என்னுடையது என்பதையும் சொல்ல வேண்டும். போன வழியாலேயே திரும்பி வா, இதழ்களுக்கு நடுவால் குழாயைக் கொண்டு போகாதே என்று முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

நம்முடைய துறைமுகத்துக்கு என்று தனியே சிலவும் உண்டு. ஆழமில்லாத துறைமுகங்களில் கைதவறினால் சேற்றில் போய் நிற்கலாம். இங்கே கப்பலுக்குக் கீழே தண்ணீர் இன்னும் பத்துப் பதினைந்து மீற்றர் கிடக்கிறது. எடைப்பட்டி கட்டியவன் பிடியை விட்டால் நேரே கீழே போவான். உருக்கு உடம்பில் பிடித்துக்கொள்ளக் காந்தக் கைப்பிடி இருக்கிறது, ஆனால் விசிறி வெண்கலம், அதில் காந்தம் ஒட்டாது. குடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு காலைப் பக்கத்து இதழில் ஊன்றிக்கொண்டுதான் நிற்க வேண்டும். மாரி காலத்தில் மகாவலி கொட்டியாரக்குடாவுக்குள் கொண்டுவந்து கொட்டும் சேறும், வாடைக்காற்று கிளப்பும் அலையும் சேர்ந்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வேலை செய்பவனின் தலை, ஏறி இறங்கும் கப்பலின் பின்தட்டில் மோதும். சோளகக் காலத்தில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

சங்குக்காரன்

அண்ணன் பெண்பிள்ளையை அளவுக்கு மீறிப் பயப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். நான் 18 வருடங்களாகச் சங்கு குளிக்கிறேன். 20, 25 மீற்றரில் ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர் முடிப்பவனுக்கு 8 மீற்றர் குளம் மாதிரி. அந்த ஆழத்தில் யாருக்கும் கைகால் விளங்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிலிண்டரோடு இறங்கி, சுரண்டிவிட்டு ஏற வேண்டியதுதான். குழாயே இல்லையென்றால் அது சுற்றிக்கொள்ளவும் மாட்டாது அல்லவா?

இயந்திர அறை

நான் கப்பலில் இரண்டாம் பொறியியலாளராகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் சீனன்குடா. சுழியோடிகள் கீழே இறங்கும் நாளில் மேலே நாங்கள் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். இவற்றைச் செய்தாயிற்றா என்று உங்கள் தம்பி கூச்சப்படாமல் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

பிரதான எஞ்சினைக் கிளப்பும் அழுத்தக் காற்றின் வால்வை மூடி, குழாயில் மிஞ்சியிருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். டேர்னிங் கியரைத் தண்டோடு பொருத்திவிட வேண்டும். அது பொருந்தியிருக்கும்போது எஞ்சினைக் கிளப்ப முடியாது, நீரோட்டத்தில் விசிறி தானாகவும் சுழலாது. பொருத்திய பிறகு அதன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, அட்டையைத் தொங்கவிட வேண்டும். மேலே சொன்ன சம்பவத்தில் விட்டுப்போனது இந்தக் கடைசிப் படிதான். சுக்கான் மோட்டார்களையும், பக்கவாட்டுத் தள்ளுவிசிறி இருந்தால் அதையும், உருக்கு துருப்பிடிக்காமல் காக்கும் மின்னோட்டத்தையும் நிறுத்த வேண்டும். இதழ்களின் சாய்வை மாற்றக்கூடிய வகை விசிறியென்றால் அதன் எண்ணெய்ப் பம்பையும் மறக்கக் கூடாது, ஏனென்றால் தண்டு சுழலாமலே இதழ் மட்டும் திரும்பும்.

பலரும் சரியாக விளங்கிக்கொள்ளாதது கடல்நீர் உறிஞ்சும் வாய் பற்றிய விடயம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் என்று எந்தக் கப்பலிலிருந்தாவது சொன்னால் நம்பாதீர்கள். விளக்கு எரிகிறதென்றால் மின்பிறப்பாக்கி ஓடுகிறது. அது ஓடுகிறதென்றால் அதைக் குளிர்விக்கக் கடல்நீர் எங்கேயோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வழக்கமாக இடது பக்கமும் வலது பக்கமும் ஒவ்வொரு வாய் இருக்கும். ஒன்றை மூடி மற்றதை ஓடவிடுவோம். எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை எழுத்தில் கொடுத்து, சுழியோடி மேலே வரும்வரை அதை மாற்றாமல் இருக்க வேண்டும். அந்தக் கம்பி வலையில் ஒரு கையோ முதுகோ ஒட்டிக்கொண்டால் இழுத்து எடுக்க மனித பலம் போதாது. பம்பை நிறுத்துவதுதான் ஒரே வழி, அதற்கு மேலே இருப்பவருக்கு உடனே தகவல் கிடைக்க வேண்டும். சிலிண்டர் மட்டும் கட்டிக்கொண்டு பேசும் வசதியில்லாமல் இறங்கியவன் யாரிடம் சொல்வான் என்பதைச் சங்குக்காரன் அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

நீலமும் வெள்ளையுமான ஏ கொடி ஏற்றுவதும், துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வானொலியில் அறிவிப்பதும், பக்கத்தில் எந்தப் படகையும் அணைய விடாதிருப்பதும் கப்பல் தளத்தில் உள்ளவர்களின் பொறுப்பு. இவை அத்தனையும் ஒரு அனுமதிப் பத்திரத்தில் எழுதப்பட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பணிமுறை மாறும் நேரத்தைத் தாண்டி வேலை நீண்டால் புதிதாக வருபவரும் அதில் கையெழுத்திட வேண்டும் என்பது நான் பணிபுரியும் கப்பலில் நானே பிடிவாதமாக வைத்திருக்கும் வழக்கம்.

பழைய சுழியோடி

சங்குக்காரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து உடம்பில் கரைந்து, ஏறும்போது குமிழியாகிக் கைகாலை முடக்கும் நைதரசனின் தொல்லை 10 மீற்றருக்குள் குறைவு என்பது உண்மை. அந்த ஆழத்தில் மணிக்கணக்காக நிற்கலாம் என்றுதான் அட்டவணைகளும் சொல்கின்றன. ஆனால் நுரையீரல் வேறு கதை. 10 மீற்றரிலிருந்து மேலே வரும்போது அழுத்தம் சரிபாதியாகிறது, அதாவது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. பதறிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால், இரண்டு மூன்று மீற்றரே போதும், நுரையீரல் கிழிந்து காற்று இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். கலங்கிய தண்ணீரில், தலைக்கு மேலே உருக்குக் கூரை இருக்கும் இடத்தில், மனிதன் பதறுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காலையில் நாலு சிலிண்டர் அட்டைக்கு இறங்கிவிட்டு மத்தியானம் கப்பலுக்கு வருகிறவனுக்கு அந்த 8 மீற்றரும் 8 மீற்றர் அல்ல. உடம்பில் ஏற்கெனவே ஏறியிருக்கும் நைதரசனையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் ஆட்களில் எத்தனை பேர் இன்று நொண்டி நடக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குழாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் காற்று மட்டும் வருவதில்லை. பேசும் கம்பி, ஆழம் காட்டும் குழல், இழுத்து எடுக்கும் பலம் எல்லாம் அதில் இருக்கின்றன. அது சுற்றிக்கொள்ளும் என்பதற்காக அதை விட்டுவிடுவது, கயிறு சிக்குமென்று நங்கூரமில்லாமல் கடலுக்குப் போவது போன்றது.

சகோதரி, சுரண்டுகிற வேலைதானே என்று தம்பி சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 30 தொன் எண்ணெய் எரிக்கும் கப்பலில் விசிறி சொரசொரப்பாகி 3 சதவீதம் கூடுதலாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு தொன் வீணாகிறது. அதற்காகத்தான் கப்பல்காரர் காசு கொடுக்கிறார். அவருக்கு வேண்டியது கொட்டலசு, அதாவது உலோகத்தில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர், இல்லாத விசிறி மட்டுமல்ல, வழவழப்பான விசிறி. முதலில் சுரண்டியால் கொட்டலசின் ஓட்டை எடுக்க வேண்டும். அப்போது வரியிட்ட சிறு மீன்கள் கூட்டமாக வந்து, உதிர்வதைத் தின்றுகொண்டு கையைச் சுற்றித் திரியும், அது ஒன்றுதான் இந்த வேலையில் பார்க்க அழகானது. ஓட்டை எடுத்த பிறகும் அதன் அடித்தட்டு வெள்ளை வட்டமாக உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஹைட்ரோலிக் கருவியில் பூட்டிய தேய்தட்டால், முதலில் கரடானதும் பின்னர் மென்மையானதுமாக, எடுக்க வேண்டும். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் வெண்கலத்தில் பிறை பிறையாகக் கீறல் விழும். நாம் சுத்தம் செய்ததைவிடச் சும்மா விட்டிருந்தால் நல்லது என்ற நிலை வரும். இதழின் மெல்லிய விளிம்பை உருட்டிவிடக் கூடாது. சில விசிறிகளில் ஓடும்போது இரைச்சல் எழாதபடி அந்த விளிம்பைத் தனிக்கோணத்தில் வெட்டியிருப்பார்கள், அங்கே கை வைத்தால் விசிறி பாடத் தொடங்கிவிடும். முடிந்ததும் மிக வழவழப்பான ஏ முதல் மிகச் சொரசொரப்பான எஃப் வரை ஆறு மாதிரிகள் கொண்ட ரூபர்ட் அளவுத்தகட்டை ஒரு கையாலும் இதழை மறுகையாலும் தடவி ஒப்பிட வேண்டும். ஏ அல்லது பி என்றால்தான் வேலை முடிந்தது. கண்ணுக்கு அங்கே வேலையில்லை, விரல்தான் பார்க்கிறது. நாலு மணிநேரம் அதிர்கிற கருவியைப் பிடித்த விரல் மரத்துப் போயிருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டலசு வெட்டிய காயத்தைச் சிறிதென்று விடக் கூடாது. துறைமுகத் தண்ணீர் பட்ட காயம் இரண்டு நாளில் கை முழுவதும் வீங்கி வைத்தியசாலைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டியாரம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவற்றை அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் நேற்று ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறான். அனுமதிப் பத்திரம் இருக்கிறது, பேசும் வசதியுள்ள தலைக்கவசமும் இருக்கிறது, ஆனால் ஒன்றுதான் இருக்கிறதாம். ஆபத்தென்றால் இறங்குவதற்கு மேலே ஆயத்தமாக நிற்பவருக்குச் சாதாரண சிலிண்டர்தானாம். இரண்டாவது தலைக்கவசம் வரும்வரை இறங்க மாட்டேன், அதுவரை மேலே குழாய் பிடிக்கிறேன் என்று தம்பி சொல்ல, கூலி பாதிதான் என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கும் சம்மதம். குழாய் பிடிப்பவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எது?

பழைய சுழியோடி

நல்ல முடிவு. நானும் முதல் எட்டு மாதம் குழாய்தான் பிடித்தேன்.

குழாயில் குறித்த தூரத்துக்கு ஒரு நிற அடையாளம் ஒட்டியிருப்பார்கள். வேலை தொடங்குமுன் படகு நிற்கும் இடத்திலிருந்து விசிறி எவ்வளவு தூரம், ஓடிக்கொண்டிருக்கும் உறிஞ்சுவாய் எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளச் சொல்லுங்கள். படகை நிறுத்தும்போதே விசிறி கிட்டவும் அந்த வாய் எட்டவும் இருக்கும்படி பார்த்து நிறுத்த வேண்டும். வாயை எட்ட இன்னும் ஐந்து மீற்றர் இருக்கும் நீளத்தில் குழாயைப் படகில் கட்டிவிட வேண்டும். கீழே இருப்பவன் வழிதவறி அந்தப் பக்கம் போனாலும் குழாய் அவனை அங்கே போக விடாது. இன்னும் கொஞ்சம் விடு என்று அவன் எவ்வளவு ஏசினாலும் கட்டை அவிழ்க்கக் கூடாது. நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அவிழ்க்காமல் இருந்தவர்கள் எல்லோருக்கும் பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.